மொட்டைமாடியில் கிடந்த சக்கர நாற்காலியை ஓட வைத்தது

நாற்காலி பழையது. குரோம் பூசிய இரும்புக் குழாயில் செய்த மடக்கு வகை, இருக்கை அகலம் 18 அங்குலம். பின் சக்கரம் 24 அங்குலம், 36 போக்ஸ் கம்பி (ஆரக்கம்பி). முன் சக்கரம் 8 அங்குலம், கெட்டி ரப்பர். டயரில் அழுத்திப் பிடிக்கும் பிரேக். இரண்டு மழைக்காலம் மொட்டைமாடியில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்திருக்கிறது. வீட்டில் பெரியவருக்குப் பக்கவாதம் வந்து இடது கை, கால் தளர்ந்துபோனதும் கீழே இறக்கினார்கள்.

இறக்கியதும் தெரிந்த கோளாறுகள் இவை. தள்ளினால் இடப்பக்கம் இழுத்தது. கொஞ்சம் வேகம் கொடுத்தால் இடது முன் சக்கரம் படபடவென்று ஆடியது. பிரேக் போட்டும் சரிவில் மெல்ல நகர்ந்தது. இருக்கை ரெக்சின் தொட்டில் மாதிரி தொங்கியது. இந்த நான்கும் தனித்தனிக் கோளாறாகத் தோன்றினாலும் ஒன்றோடொன்று பின்னியவை. அதனால் எதை முதலில் தொடுகிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. வரிசை: சட்டம், டயர் காற்று, பின் அச்சு, முன் சக்கரம், பிரேக், கடைசியில் இருக்கை. காற்றடிக்காமல் பிரேக்கைச் சரிசெய்தால், காற்றடித்த மறு நிமிடம் அது டயரில் உரசும். இருக்கையை மாற்றாமல் கால்பலகை உயரத்தை வைத்தால் அதையும் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

கழுவுதலும் சட்டத்தைப் பார்த்தலும்

சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். வாட்டர் சர்வீஸ் கடையில் கொடுத்து அழுத்தத் தண்ணீர் அடிக்கக் கூடாது. பேரிங்குக்குள் நீர் ஏறிவிடும். குரோம் மேலிருந்த புள்ளித் துருவுக்குச் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தோம். நன்றாகவே போனது. உப்புத்தாள் போட்டால் குரோமும் சேர்ந்து போய், அந்த இடம் அடுத்த மழையில் முழுதாகத் துருப்பிடிக்கும்.

காய்ந்ததும் டார்ச் வெளிச்சத்தில் வெல்டிங் இணைப்புகளைப் பார்த்தோம். கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று: இருக்கைக்கு அடியில் எக்ஸ் வடிவில் குறுக்கே போகும் குழாய்கள், முன் சக்கரத் தண்டு நுழையும் உருளை, பின் அச்சைத் தாங்கும் தகடு. வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போலப் பழுப்புக் கோடு தெரிந்தால் அது வெறும் துரு என்று விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் விரிசலுக்குள்ளிருந்து கசியும் துருதான் அது. நகத்தால் குறுக்கே வருடினால் தட்டும். அப்படி இருந்தால் மற்ற வேலைகளுக்குச் செலவழிக்கும் முன் வெல்டரிடம் காட்ட வேண்டும். வெல்டிங்குக்கு முன் அந்த இடத்துக் குரோமை முழுக்கச் சாணையிட்டு எடுக்கச் சொல்லுங்கள். குரோம் எரியும் புகை நுரையீரலுக்கு ஆகாது, பற்றும் சரியாக நிற்காது. குறுக்குக் குழாயே இற்றுப்போயிருந்தால் பழுதுபார்ப்பதில் பொருளில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் புதியதற்கு விண்ணப்பிப்பதே நல்லது.

இந்த நாற்காலியில் விரிசல் இல்லை. எக்ஸ் நடுவிலிருந்த போல்ட் மட்டும் தேய்ந்து ஆடியது. 1930களில் அமெரிக்காவில் எவரெஸ்ட், ஜென்னிங்ஸ் இருவரும் கொண்டுவந்த குறுக்கு மடிப்பு அமைப்புதான் இன்றும் இந்த வகை நாற்காலிகளில் இருக்கிறது. குறுக்குக் குழாய்கள் இரண்டையும் பிடித்து நிற்பது அந்த ஒரு போல்ட்தான். அதே விட்டத்தில் கெட்டியான புது போல்ட், இருபுறமும் வாஷர், நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ளது, அதிர்வில் கழலாது). நட்டை ஆட்டம் நிற்கும்வரை மட்டும் இறுக்கினால் போதும். மேலும் இறுக்கினால் மடக்குவது கடினமாகும். மடக்க முடியாத நாற்காலியை ஆட்டோவில் ஏற்ற முடியாது.

டயர்

இங்கேதான் பலரும் பணத்தை வீணாக்குகிறார்கள். பழைய டயரின் பக்கவாட்டில் 24 × 1 3/8 என்று பெரிதாகவும், அதன் கீழே 37-540 என்று சிறிதாகவும் இருக்கும். கடையில் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது எண். '24 அங்குல டயர்' என்று கேட்டால் கியர் சைக்கிள் டயரைத் தருவார்கள். அதில் 507 என்றிருக்கும், அதாவது டயர் ரிம்மில் அமரும் இடத்தின் விட்டம் 507 மி.மீ. நமக்கு வேண்டியது 540. 33 மி.மீ. குறைவென்றால் எந்த லீவர் போட்டு நெம்பினாலும் ஏறாது. இந்த வேலையில் கடையிலிருந்து முதலில் வந்ததும் அந்த 507தான். திருப்பிக் கொடுத்துவிட்டு, மருத்துவ உபகரணக் கடையில் சொல்லி 37-540 சாம்பல் டயர் வரவழைத்தோம். சாம்பல் நிறத்துக்குக் காரணம் அழகு இல்லை. கறுப்பு டயர் டைல்ஸ் தரையில் கோடு போடும்.

டயரைக் கழற்றியதும் ரிம்முக்குள் ரிம் டேப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. போக்ஸ் கம்பிகளின் நுனி இரண்டு இடத்தில் நிப்பிளுக்கு (கம்பியை ரிம்மோடு பிடிக்கும் சின்ன நட்டு) மேலே துருத்திக்கொண்டிருந்தது. இதைப் பார்க்காமல் புது டியூப் போட்டால் ஒரு வாரத்தில் உள்பக்கம் பஞ்சர் ஆகும். கடைக்காரர் முள்ளைத் தேடிக்கொண்டிருப்பார், கிடைக்காது. துளை டியூபின் உள்வளையப் பக்கம், ரிம்மைப் பார்த்து இருந்தால் குற்றவாளி கம்பி நுனி. அருகருகே இரண்டு சின்ன வெட்டாக இருந்தால் காற்றுக் குறைவாக ஓட்டி வாசற்படியில் மோதியது. வெளிப்பக்கம் ஒற்றைத் துளை இருந்தால்தான் முள். நுனிகளை அரத்தால் ராவி, புது டேப் சுற்றி, கொஞ்சம் முகப்பவுடர் தூவி டியூபைப் போட்டோம்.

பழைய டியூபில் சைக்கிள் வால்வு, உள்ளே வால் டியூப் ரப்பர். அது இற்றுப்போனால் பஞ்சரே இல்லாமல் இரவோடு இரவாகக் காற்று இறங்கும். அதில் காற்றை அளக்கவும் முடியாது. ஆகவே பைக்கில் இருப்பது போன்ற வால்வு உள்ள டியூப் வாங்கினோம்; ரிம் துளை அப்படியே பொருந்தியது. இப்போது சாதாரண காற்றழுத்த கேஜ் வைத்து அளக்கலாம். டயரில் 65 பி.எஸ்.ஐ. என்று எழுதியிருந்தது, இரண்டு பக்கமும் அதே அளவு அடித்தோம். கைப்பம்பு நல்லது. பெட்ரோல் பங்க் காற்றில் அடித்தால் சின்ன டியூப் நொடியில் நிரம்பி வெடித்துவிடும். கேஜ் இல்லாவிட்டால் கட்டைவிரலால் பலமாக அழுத்திப் பாருங்கள். 5 மி.மீ.க்கு மேல் அமுங்கினால் காற்று போதாது.

கெட்டி ரப்பர் டயர் போடலாமே என்று கேட்பார்கள். சீமைக்கருவேல முள் நிறைந்த தெருவில் வெளியே போய்வருகிறவருக்கு அது நியாயமான தேர்வு. காற்று இறங்காததால் பிரேக்கும் ஒரே நிலையில் நிற்கும். ஆனால் எடை கூடும், ஒவ்வொரு குழியும் முதுகில் தெரியும். உட்காருகிறவர் வலியோ புண்ணோ உள்ளவர் என்றால் காற்று டயரே மேல்.

காற்றடித்ததும் இடப்பக்க இழுப்பு பாதி குறைந்தது. இடது டயரில் காற்று குறைந்து அந்தப் பக்கம் உராய்வு கூடியிருந்ததுதான் காரணம். இனி மீதிப் பாதி.

பின் அச்சும் போக்ஸ் கம்பியும்

நாற்காலியைப் பக்கவாட்டில் சாய்த்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் 'டக் டக்' என்று ஆடியது. அச்சு நட்டைக் கழற்றி சக்கரத்தை எடுத்தோம். பேரிங் மேல் 6001 என்றிருந்தது: உள்விட்டம் 12, வெளிவிட்டம் 28, தடிமன் 8 மி.மீ. சக்கரத்துக்கு இரண்டு. விரலால் சுழற்றினால் மணல் அரைப்பது போலிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவிக் கிரீஸ் வைத்துப் பார்ப்பதை விட மாற்றிவிடுவது நல்லது, விலை குறைவு. வாங்கும்போது எண்ணுக்குப் பின்னால் '2ஆர்எஸ்' என்று இருப்பதைக் கேளுங்கள். இருபுறமும் ரப்பர் மூடி உள்ளது. 'இசட் இசட்' என்பது தகர மூடி. தூசியும் தரை துடைக்கும் தண்ணீரும் உள்ளே போகும்.

இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஒரு சின்ன உலோகக் குழல் இருக்கும். பேரிங்கைத் தட்டி எடுக்கும்போது அது உருண்டு போய்விடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அது இல்லாமல் பூட்டினால் நட்டை இறுக்க இறுக்க இரண்டு பேரிங்கின் உள்வளையமும் ஒன்றையொன்று நோக்கி நெருக்கப்பட்டு சக்கரம் இறுகும். தளர்த்தினால் ஆடும். எவ்வளவு திருகினாலும் நடுநிலை கிடைக்காத சக்கரத்தில் இந்தக் குழல் தொலைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புதிய பேரிங்கை ஏற்றும்போது அதன் வெளிவளையத்தை மட்டும் தொடும் அளவுள்ள பாக்ஸ் ஸ்பானர் பிட்டை மேலே வைத்து, மெல்லத் தட்டி நேராக இறக்க வேண்டும். உள்வளையத்தில் சுத்தியல் பட்டால் குண்டுகள் தடத்தில் பள்ளம் விழுந்து, புது பேரிங்கே முதல் நாளிலிருந்து உறுமும்.

போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கையால் அமுக்கிப் பார்த்ததில் வலச் சக்கரத்தில் ஐந்து தொளதொளவென்று இருந்தன. சுற்றினால் ரிம் 3 மி.மீ. அளவுக்குப் பக்கவாட்டில் ஓடியது. சட்டத்தோடு ஒரு சாக்பீஸைக் கட்டி, ரிம் உரசும் இடத்தைக் குறித்துக்கொண்டு, எந்தப் பக்கம் வளைகிறதோ அதற்கு எதிர்ப்பக்கக் கம்பிகளின் நிப்பிளைக் கால் கால் சுற்றாக இறுக்கினோம். 1 மி.மீ.க்குள் வந்ததும் நிறுத்தியாயிற்று. பொறுமை இல்லாவிட்டால் கோட்டம் எடுக்கச் சைக்கிள் கடையில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் கை இதில் பழகியது.

கையால் உருட்டும் வளையத்தைத் தாங்கும் திருகுகள் ஆறு. அதில் இரண்டு தளர்ந்திருந்தன. இறுக்கியபின் ஒரு பழைய துணியை வளையம் முழுக்க ஓட விட்டோம். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே குரோம் உரிந்து பிசிறு இருக்கிறது. உள்ளங்கையைக் கிழிப்பது அதுதான். மென் அரத்தால் ராவி, நெயில் பாலிஷ் ஒரு பூச்சு.

முன் சக்கரம்

போல்ட்டைக் கழற்றி இடது முன் சக்கரத்தை எடுத்தபோது, அச்சைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் இருந்தது. ரப்பர் வாஷர் என்று தோன்றும். பிளேடால் கீறியதும் பிரிந்தது: தலைமுடி, புடவை நூல், தும்பு, எல்லாம் பழைய கிரீஸில் ஊறி இறுகியது. வீட்டுக்குள் ஓடும் எல்லா சக்கர நாற்காலியிலும் இது உண்டு. இந்த முடி வளையம் பேரிங் மூடியைத் தள்ளி உள்ளே போய், கிரீஸை உறிஞ்சிவிடும். பிறகு பேரிங் துருப்பிடித்து இறுகும். இடப்பக்க இழுப்பின் மீதிப் பாதி இங்கேதான் இருந்தது. 608 பேரிங் (8, 22, 7 மி.மீ.) நான்கும் மாற்றினோம்.

படபடப்புக்குக் காரணம் வேறு. முள்கரண்டி போன்ற ஃபோர்க்கின் தண்டு, சட்டத்தின் உருளைக்குள் நிற்கும் இடத்தில் மேலே ஒரு பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். அதைக் கழற்றினால் நட்டு தெரியும். அது தளர்ந்தால் சக்கரம் வேகத்தில் ஆடும். ரொம்ப இறுகினால் ஆட்டம் நிற்கும், ஆனால் நாற்காலி திரும்ப மறுக்கும். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க எளிய சோதனை: நாற்காலியைப் பின்னால் முழுக்கச் சாய்த்துக் கிடத்தி, இரண்டு ஃபோர்க்கையும் உச்சிக்குத் திருப்பிப் பிடித்து ஒரே நேரத்தில் விடுங்கள். இரண்டும் தானாக விழுந்து, அடிப்புள்ளியை ஒருமுறை மட்டும் தாண்டிப்போய்த் திரும்பி நிற்க வேண்டும். ஊஞ்சலாடினால் தளர்வு. பாதியிலேயே நின்றால் இறுக்கம். நட்டை இறுகும்வரை திருகி, பிறகு எட்டில் ஒரு சுற்று பின்வாங்கிப் பார்ப்பது நல்ல தொடக்கம். ஒன்று சீக்கிரமும் மற்றது தாமதமாகவும் விழுந்தால் அந்த நாற்காலி நேராக ஓடாது. இரண்டையும் ஒன்றுபோல் ஆக்கியே தீர வேண்டும்.

நான்கு சக்கரமும் தரையைத் தொடுகிறதா என்று இப்போது பார்க்கலாம். நம் வீட்டுத் தரைகள் சமமில்லாதவை, அதனால் ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டிருப்பதை வைத்து உடனே முடிவுக்கு வர வேண்டாம். நாற்காலியை அதே இடத்தில் கால்வாசி வட்டம் (90 டிகிரி) திருப்பி நிறுத்துங்கள். அதே சக்கரம் தூக்கினால் கோணல் நாற்காலியில். இப்போது வேறு சக்கரம் தூக்கினால் கோணல் தரையில். இங்கே தரையில்தான் இருந்தது. நேராக ஓடுகிறதா என்பதையும் தரையை விலக்கித்தான் பார்க்க வேண்டும்: சாக்பீஸ் கோட்டின் மேல் ஒருமுறை தள்ளிவிட்டு, எதிர்த்திசையிலிருந்தும் தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும்.

பிரேக்

காற்று முழுதாக இருக்கும்போது மட்டும் தொட வேண்டிய வேலை. பிரேக் கவ்வியின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தினால் முழு அமைப்பும் குழாயில் முன்னும் பின்னும் நகரும். பிரேக் விடுபட்ட நிலையில் டயருக்கும் பிரேக் கட்டைக்கும் 5 மி.மீ. இடைவெளி, போட்டால் டயருக்குள் 4, 5 மி.மீ. அமுங்க வேண்டும் என்று வைத்து இறுக்கினோம். கவ்வி வழுக்காமலிருக்க அது உட்காரும் இடத்தில் குழாயை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்திருக்க வேண்டும்.

வலப்பக்கக் கட்டையின் வரிகள் தேய்ந்து வழவழவென்றிருந்தன. முப்பட்டை அரத்தால் குறுக்கே புது வரிகள் போட்டோம். தற்காலிகம்தான், அடுத்த முறை ஜோடியாக மாற்ற வேண்டும்.

சோதனை: ஆள் உட்கார்ந்த நிலையில், பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு, சாய்தளத்தில் ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் நிறுத்தி மெல்லக் கையைத் தளர்த்தினோம். நின்றது. இந்தப் பிரேக் நிறுத்தி வைப்பதற்கு மட்டும். ஓடும்போது வேகம் குறைக்கப் போட்டால் ஒரு பக்கம் முந்திப் பிடித்து நாற்காலி திரும்பும், ஆள் முன்னால் விழுவார். வேகம் குறைய வளையத்தைக் கையால் உரச விட வேண்டும், அல்லது தள்ளுகிறவர் பிடிக்க வேண்டும்.

பெரியவருக்கு இடது கை எட்டாது. வலது கையாலேயே இடது பிரேக்கைப் போட, அதன் கைப்பிடியில் இறுக்கமாக நுழையும் 20 செ.மீ. பிவிசி குழாயைச் செருகினோம். ஒட்டவில்லை, கழற்றும்படியே விட்டோம். கட்டிலுக்குப் பக்கவாட்டில் மாறும்போது அது வேட்டியில் மாட்டும், உருவி வைத்துவிட வேண்டும். நீளத்தை 25 செ.மீ.க்கு மேல் விட்டால் சின்ன விசைக்கே கவ்வி வளைகிறது.

இருக்கை

இருபுறக் குழாய்க்கும் குறுக்கே நூலை இழுத்துக் கட்டி, நடுவில் அளந்ததில் ரெக்சின் 5.5 செ.மீ. தொங்கியது. இப்படித் தொங்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சரியும், தொடைகள் உள்ளே நெருங்கும், முதுகு வளையும். பக்கவாதம் வந்தவர் எப்போதும் தளர்ந்த பக்கமே சாய்கிறார் என்றால் நோயை மட்டும் குறை சொல்லாமல் இருக்கையையும் பார்க்க வேண்டும்.

புதிதாக ரெக்சின் போடாமல் தார்ப்பாய் தைப்பவரிடம் கெட்டிக் கேன்வாஸ் இரண்டு அடுக்கு, ஓரத்தில் பட்டை வைத்து மூன்று வரித் தையல் போட்டு வாங்கினோம். பழைய திருகுத் துளைகளில் மூன்று தேய்ந்து திருகு பிடிக்கவில்லை. பெரிய திருகு போடுவது வழக்கம், ஆனால் மெல்லிய குழாயில் அது சில மாதத்தில் மறுபடி கழலும். துளையைப் பெரிதாக்கி ரிவெட் நட்டு (குழாய்ச் சுவரில் இறுகிப் பிடிக்கும், உள்ளே மரை உள்ள குழல்) அடித்து, போல்ட் போட்டோம். அந்தக் கருவி இல்லாவிட்டால் அலுமினிய ஜன்னல் வேலை செய்பவரிடம் கேட்கலாம்.

கேன்வாஸ் விறைப்பாக வந்ததும் உட்காரும் உயரம் ஏறத்தாழ 4 செ.மீ. கூடியது. மெத்தை வைத்தால் இன்னும் கூடும். ஆகவே மெத்தை வைத்து, அவரை உட்கார வைத்த பிறகே கால்பலகை.

மெத்தைக்கு நுரைக் கடையில் கெட்டி நுரை 5 செ.மீ., அதன் மேல் மிருதுவானது 2.5 செ.மீ., இரண்டையும் ஒட்டி வாங்கினோம். மேலுறைக்கு ரெக்சின் வேண்டாம். வேர்வை தேங்கும், தோல் ஊறி எளிதில் கிழியும். நெகிழும் பருத்தித் துணி, தொளதொளவென்று. இறுக்கித் தைத்தால் துணியே மேளத்தோல் போல விறைத்து நுரை அமுங்காமல் போகும், வாங்கிய நுரைக்குப் பயனில்லை.

மெத்தை போதுமா என்று கையால் சோதிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் சக்கர நாற்காலிப் பயிற்சியில் சொல்லித்தரும் முறை இது. அவர் உட்கார்ந்திருக்கையில் மெத்தைக்கு மேலே, உட்காரும் எலும்புக்கு நேர் கீழே விரல் நுனிகளை நுழையுங்கள். விரல் நுனியை மேலும் கீழும் 5 மி.மீ.யாவது அசைக்க முடிந்தால் பாதுகாப்பு. அசைக்க முடியாமல் உருவ மட்டும் முடிந்தால் எச்சரிக்கை. விரல் நசுங்கினால் அந்த மெத்தையில் உட்கார வைக்கக் கூடாது. இரண்டு பக்கமும் தனித்தனியே பார்க்க வேண்டும். முதலில் இடப்பக்கம் 'எச்சரிக்கை' நிலையில் இருந்தது. அவர் அந்தப் பக்கம் சரிந்திருந்தார். மெத்தைக்கு அடியில், இடது ஓரத்தில் ஒரு செ.மீ. கெட்டி நுரைப் பட்டை வைத்து நேராக்கியதும் விரல் அசைந்தது. மெத்தை எவ்வளவு நல்லதானாலும், 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ ஒன்றிரண்டு நிமிடம் எடையை மாற்ற வேண்டும். குனியும்முன் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்தால் முன் சக்கரங்கள் முன்னோக்கித் திரும்பிக்கொள்ளும். அப்போது தாங்கும் அடித்தளம் நீளும், குப்புறக் கவிழாது.

கால்பலகையைத் தரையிலிருந்து 5 செ.மீ.க்குக் குறையாமல் வைக்க வேண்டும். குறைந்தால் வாசற்படியில் இடித்து நாற்காலி நிற்கும், ஆள் நிற்க மாட்டார். தொடைக்கு அடியில், முழங்காலுக்குப் பக்கத்தில் உள்ளங்கை சிரமமில்லாமல் நுழைந்து, ஆனால் இடைவெளி தெரியாமல் இருந்தால் உயரம் சரி. இருக்கையின் முன் ஓரத்துக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே மூன்று விரல் இடம் இருந்தது, போதும்.

ஓட்டிப் பார்த்தது

கட்டிலிலிருந்து மாறும்போது பலமுள்ள பக்கமாக, அவருக்கு வலப்பக்கமாக, நாற்காலியை வைக்க வேண்டும். இரண்டு பிரேக்கும் போட்டு, கால்பலகைகளை மேலே மடக்கிய பிறகே எழுப்ப வேண்டும். மடக்காத பலகையை மிதித்து எழுந்தால் நாற்காலி அப்படியே முன்னால் கவிழும். வீடுகளில் நடக்கும் விபத்துகளில் எளிதில் தவிர்க்கக்கூடியது இதுதான், தள்ளுகிறவர்கள் எல்லோருக்கும் முதல் நாளே காட்டிவிடுங்கள்.

படி ஏற்றும்போது பின்னால் துருத்தியிருக்கும் குழாயைக் காலால் மிதித்து, கைப்பிடியைக் கீழே அழுத்தி முன் சக்கரங்களைப் படிமேல் வைத்து, பிறகு பின் சக்கரம் படியில் முட்டும்வரை தள்ளி, தூக்கி உருட்ட வேண்டும். இறக்கும்போது நாற்காலியைத் திருப்பிப் பின் சக்கரம் முதலில். இந்த நேரத்தில் கைப்பிடி ரப்பர் உறை உருவிக்கொண்டு வந்தால் ஆள் மல்லாக்க விழுவார். இங்கே வலது உறை சுழன்றது. கழற்றி, உள்ளேயும் குழாயிலும் பிசுக்கைத் துடைத்து, ரப்பர் பசை தடவி ஏற்றி, ஒரு நாள் முழுக்கக் காய விட்டோம். இருவர் சேர்ந்து தூக்குவதானால் சட்டக் குழாயைப் பிடிக்க வேண்டும். கழலும் கைதாங்கியையோ கால்தாங்கியையோ பிடித்தால் அது மட்டும் கையோடு வரும்.

வாசலில் ஆறு அங்குலப் படி ஒன்று. 1:12 சரிவென்றால் ஆறடி நீளம் வேண்டும். இந்தியாவின் கட்டட அணுகல் விதிகளும் இந்த அளவைத்தான் சொல்கின்றன. தெருவில் ஆறடி இடம் இல்லாமல் பலர் மூன்றடிப் பலகை போடுகிறார்கள். அது 1:6. பலமான துணையாள் பின்னாலிருந்து பிடித்தால் மட்டும் போகலாம், தனியாக உருட்டிக்கொண்டு ஏறவே கூடாது. அதில் இறங்கும்போது துணையாள் பின்னோக்கி நடந்து, நாற்காலியைப் பின்புறமாக இறக்க வேண்டும். கைப்பிடியில் காய்கறிப் பை மாட்டியிருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். ஏறும்போது அந்த எடை நாற்காலியைப் பின்னால் கவிழ்க்கும்.

செலவு

டயர் இரண்டு ரூ.900, டியூப் ரூ.300, 6001 பேரிங் நான்கு ரூ.480, 608 நான்கு ரூ.240, கேன்வாஸும் தையலும் ரூ.650, நுரை ரூ.550, மேலுறை ரூ.200. போல்ட், நட்டு, ரிவெட் நட்டு, கிரீஸ், பசை, மண்ணெண்ணெய் எல்லாம் சேர்த்து ரூ.280. மொத்தம் ரூ.3,600. விலைகள் ஊருக்கு ஊர் மாறும். சட்டம் நன்றாக இருந்ததால்தான் இந்தச் செலவு தகும். கருவியாக 10, 13, 17, 19 ஸ்பானர்கள், 5 மி.மீ. அலன் கீ, டயர் லீவர் இரண்டு, நிப்பிள் சாவி, மரச்சுத்தியல், அரம் இவ்வளவுதான் தேவைப்பட்டது.

அடுத்த நாற்காலிக்குச் சில மாற்றங்கள். பிரேக் கட்டைகளை ராவிக்கொண்டிராமல் தொடக்கத்திலேயே ஜோடியாக வாங்குவது. இருக்கைக் கேன்வாஸில் துளைகளுக்குப் பித்தளைக் கண்வளையம் அடிக்கச் சொல்வது, வெறும் துணியில் போல்ட் வாஷர் மெல்ல மெல்ல இழுத்துத் துளையை நீட்டுகிறது. நுரைக்குள் ஈரம் போகாதபடி மேலுறைக்குள் மெல்லிய, தளர்வான பிளாஸ்டிக் உறை ஒன்று. சிறுநீர் ஊறிய நுரையை எவ்வளவு கழுவினாலும் அது பழைய நிலைக்கு வராது.

வாரம் ஒருமுறை காற்றும் பிரேக்கும். மாதம் ஒருமுறை முன் சக்கர அச்சில் முடியை வெட்டி எடுத்து, போக்ஸ் கம்பிகளை அமுக்கிப் பார்த்து, எல்லா நட்டையும் ஒரு சுற்றுத் தொட வேண்டும். மடக்கும் இடத்தில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் போதும். டயரிலும் பிரேக்கிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டபிள்யூடி-40 துருவை இளக்கத்தான், பேரிங்குக்குள் அடித்தால் இருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும். குளிக்க வைக்க இந்த நாற்காலியைப் பயன்படுத்தாமல் பிளாஸ்டிக் இருக்கை தனியாக வைத்துக்கொண்டால் பேரிங் பல ஆண்டு வரும்.

இரண்டு வாரம் ஓடியபின் மீண்டும் அளந்தோம். புதிய கேன்வாஸ் 1 செ.மீ. இறங்கியிருந்தது, வலச் சக்கரத்தில் இரண்டு கம்பிகள் தளர்ந்திருந்தன, அச்சு நட்டு அசையவில்லை. கம்பிகளை அரைச் சுற்று இறுக்கி, இருக்கை இறங்கியதால் தொடைக்கு அடியில் இடைவெளி தெரிந்து உள்ளங்கை தளர்வாக நுழைந்ததைப் பார்த்து, கால்பலகையை ஒரு துளை கீழே இறக்கினோம். தரை இடைவெளி இப்போது 5.5 செ.மீ.